மடியும் ஆசனமும்



திருக்கோணமலைத் துறைமுகத்தை ஒருமுறை கண்டவர் அதன் அமைதியை மறப்பதில்லை. வெளியே வங்கக் கடல் எத்துணைச் சீறினும், உள்துறைமுகத்து நீர் குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கும். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிப் பரவிய கோணமாமலையின் அருகே இயற்கை அமைத்துத் தந்த இப்புகலிடத்தை நாடியே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். கப்பலுக்குத் துறைமுகம் எவ்வாறோ, குழந்தைக்குத் தாய்மடி அவ்வாறு என்பது நம்மவர் துணிபு. அத்துணிபு எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது நம்மைக் கைவிடுகின்றது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

உப்புவெளியில் வாழும் என் உறவினர் இல்லத்தில் அண்மையில் ஒரு வழக்கு எழுந்தது. அவ்வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பதினான்கு மாதம். வயதுக்குச் சற்றே சிறிய உடல். மருத்துவரிடம் காட்டுவதற்காக மாதம் ஒருமுறை கண்டிக்குக் காரிற் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர், காரின் பின்புறத்தை நோக்கி முகம் வைத்து இருத்தும் குழந்தை ஆசனம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். அம்மம்மா அதனை ஏற்க மறுத்தார். "நாலு பிள்ளைகளை மடியில் வைத்துத்தான் வளர்த்தனான், ஒன்றாவது விழுந்ததா, சொல்லு பார்ப்பம்" என்பது அவர் கேட்ட கேள்வி. பிள்ளையின் தாய் மறுமொழி கூற இயலாது நின்றாள்.

அம்மம்மா கூறியது பொய்யன்று. அது அவர் காலத்து உண்மை. நம் முன்னோர் பிள்ளையைச் சேலையில் ஏணை கட்டி உறங்கவைத்தனர். இடுப்பிலே தூக்கிச் சென்றனர். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி மடியில் இருத்திக் கோயிலுக்குச் சென்றனர். 1927ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திருக்கோணமலைக்கு வந்தபோதும் புகைவண்டி ஆடி அசைந்தே ஊர்ந்தது. தெற்கே மூதூர், கிண்ணியாப் பக்கம் செல்வோர்க்கோ துறைதோறும் 'பாதை' என்று நம்மவர் அழைக்கும் மிதவை இருந்தது. வாகனம் அதில் ஏறும். மனிதர் கரையை நோக்கிக் காத்து நிற்பர். பிள்ளை தோளிற் சாய்ந்து உறங்கும். அந்த வேகத்திற்கு மடி போதியதாக இருந்தது.

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மட்டக்களப்பு வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. கந்தளாய், ஹபரணை வழியாகச் செல்லும் வீதியும் செப்பனிடப்பட்டது. காத்துக் கிடந்த மக்களுக்கு இவை பெரும் பேறே. ஆயினும் பாதையோடு அதன் மெதுவான நடையும் போயிற்று. வேகம் மாறிற்று, மடி மாறவில்லை. இதுவே இக்காலப் பெற்றோரின் இடர்ப்பாடு.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒன்று எதன்மீதேனும் மோதிச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகின்றது எனக் கொள்வோம். அப்பொழுது அதனுள் இருக்கும் 10 கிலோகிராம் எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் வலு வேண்டும். மூன்று மூட்டை அரிசியை எவரும் அறியாத வேளையில் மடியில் எறிந்தால் எந்தத் தாய் பிடித்து நிறுத்த வல்லவள்? பிடியை விட்டு நழுவும் பிள்ளை மோதும் வேகமோ, ஏறத்தாழ 10 மீற்றர் உயரமுள்ள தென்னையின் உச்சியிலிருந்து விழும் வேகத்திற்கு ஒப்பாகும். ஹபரணைக் காட்டு வீதியில் இரவில் யானை குறுக்கிட்டுச் சாரதி தடையை அழுத்தும் கணத்திலே அன்பு குறைவதில்லை. கையின் ஆற்றல்தான் போதாமற் போகின்றது.

ஆசனம் வேண்டும் என்பது விளங்கிற்று. அது பின்னோக்கி இருப்பதேன்? விடை பிள்ளையின் உடலமைப்பில் உள்ளது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வளர்ந்தோர்க்கோ எட்டில் ஒரு பங்கு அளவே. பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் முற்றாக இறுகாமல், குருத்தெலும்பால் இணைந்திருக்கும். முன்னோக்கி இருக்கும் பிள்ளையின் உடலை வார் பிடித்து நிறுத்தினாலும், தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து நீட்டி இழுக்கப்படும். பின்னோக்கி இருப்பின், மோதலின் விசை முதுகு, கழுத்து, தலை ஆகிய மூன்றின்மீதும் ஒருங்கே பரவும். ஆசனத்தின் சாய்மானம் ஒரு பெரிய உள்ளங்கைபோல் அவற்றை ஏந்திக்கொள்ளும்.

பிள்ளையின் பருவமறிந்து நடப்பது தமிழர்க்குப் புதிதன்று. தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடையிடும் வருகை என்று பருவங்களை வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய இனம் நம்முடையது. வருகைப் பருவத்துப் பிள்ளை நடந்துவிட்டதனால் அதன் கழுத்து முதிர்ந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு.

இவ்வுண்மை உலகிற்கு ஒரே நாளிற் புலப்படவில்லை. 1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த குழந்தை ஆசனங்கள், பிள்ளையை உயர்த்தி வைத்து வெளியே பார்க்கச் செய்தனவேயன்றிக் காத்தனவல்ல. பின்னோக்கிய இருப்பின் நன்மையை முதலில் ஆராய்ந்தோர் விமானத்துறையினர். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்டாப் என்பார், 1947இற் கலிபோர்னியாவில் தொடங்கிய சோதனைகளில் உந்துகணைச் சறுக்கு வண்டியில் முதலிற் பின்னோக்கி அமர்ந்து தம் உடலையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். 1954 டிசெம்பர் 10ஆம் நாள் அவர் முன்னோக்கி அமர்ந்து மணிக்கு 1,017 கிலோமீற்றர் வேகத்தை எட்டி, 1.4 செக்கனில் நின்று உயிர் தப்பினார். பிரித்தானிய விமானப்படையும் தன் போக்குவரத்து விமானங்களில் ஆசனங்களைப் பின்னோக்கி அமைத்தது. பின்னாளில் வந்த வீசி-10 விமானங்களிலும் அம்முறை தொடர்ந்தது. நம் சீனக்குடாவில் ஒருகாலத்தில் தளம் அமைத்திருந்த படையும் அதுவே.

வீரர்களுக்குக் கிடைத்த இப்பாதுகாப்பைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பேர்ட்டில் ஆல்ட்மன். விண்கலம் மேலெழும்போது ஏற்படும் விசையை முதுகு முழுவதாலும் தாங்கும் வண்ணம் அமைந்த ஜெமினி விண்வெளி வீரர்களின் இருக்கையே அவர் சிந்தனையைத் தூண்டியது என்பர். 1964இல் அவருடைய முதல் மாதிரி ஆசனம் வொல்வோக் காரிற் சோதிக்கப்பட்டது. 1972இல் அந்நிறுவனம் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவீடனில் நான்கு வயது வரையிலும் பிள்ளைகளைப் பின்னோக்கி இருத்தும் வழக்கம் வேரூன்றிற்று. 2013இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 129ஆம் இலக்க ஒழுங்குவிதி, பதினைந்து மாதம் நிறையும்வரை பின்னோக்கிய இருப்பைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ 2018இல், ஆசனம் இடந்தரும் உயரத்தையும் எடையையும் எட்டும்வரை பிள்ளை பின்னோக்கியே இருக்கட்டும் என்று அறிவுறுத்திற்று. ஆகவே சிறிய உடல் ஒரு குறையன்று; அப்பிள்ளைக்கு அதே ஆசனம் நெடுநாள் பயன்படும். கால் மடங்குமே என்று அஞ்சுவோர், பிள்ளைகள் சப்பாணி கட்டி மகிழ்ந்திருப்பதை நினைவிற் கொள்க.

இனி, வாங்கிய ஆசனத்தைப் பொருத்தும் கதைக்கு வருவோம். சிறந்த ஆசனமும் பிழையாகப் பொருத்தப்படின் பயன் தராது. இக்குறையை நீக்கவே, காரின் உடலோடு பற்றவைத்த இரு உலோக வளையங்களில் ஆசனத்தின் கொளுவிகளைச் 'சடக்' என்று மாட்டும் ஐசோஃபிக்ஸ் முறை 1999இல் உலகத் தரமாக வகுக்கப்பட்டது. வளையங்கள் 28 சென்ரிமீற்றர் இடைவெளியில், பின் இருக்கையின் சாய்மானமும் மெத்தையும் சேரும் இடுக்கில் இருக்கும்; விரலால் தடவி அறியலாம். நம் நாட்டில் ஓடும் பழைய ஜப்பானியக் கார்களுள் அவை இல்லாதனவும் உள. அத்தகைய காருக்கு, ஆசனப்பட்டியாற் கட்டக்கூடிய ஆசனத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பட்டி செல்லும் வழி தெளிவாக நிறமிட்டுக் காட்டப்பட்டிருப்பதும், வாங்குமுன் நம் காரிலேயே வைத்துப் பார்க்க இயல்வதும், எளிதிற் பொருத்தக்கூடிய ஆசனத்தின் இலக்கணங்கள்.

உறவினர் வீட்டில் முதல்நாள் நேர்ந்தது பெரும்பிழை. தாய்க்கு முகம் தெரியட்டும் என்று ஆசனத்தைச் சாரதியின் பக்கத்து முன் இருக்கையில் வைத்துவிட்டனர். அதன் எதிரே காற்றுப்பை இருந்தது. மோதலின்போது வெடித்து விரியும் அப்பை, பின்னோக்கிய ஆசனத்தை அறைந்து பிள்ளையின் உயிருக்கே இறுதியாகலாம். இயங்கும் காற்றுப்பைக்கு முன் அவ்வாசனத்தை ஒருபோதும் வைத்தல் ஆகாது. துறைமுகத்தில் முப்பது ஆண்டு சரக்குக் கட்டும் தொழில் பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் அங்கு வந்தார். எச்சரிக்கைச் சீட்டைப் படித்துக்காட்டி, அதனைப் பின் இருக்கைக்கு மாற்றச் செய்தார். முழங்காலால் அழுத்திக்கொண்டு பட்டியை இழுத்து இறுக்கினார். பின்னர் பட்டி செல்லும் இடத்தைப் பற்றி அசைத்தார். "கப்பலிற் கட்டின பெட்டி துறைமுகத்திலேயே ஆடினால், கடலிற் போய் என்ன செய்யும்?" என்றார். ஓர் அங்குலத்திற்கு மேல் அசையலாகாது என்பது அறிஞர் கூறும் அளவும் ஆகும். தோள்வார்கள் பிள்ளையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ புறப்படவேண்டும். விரல்களாற் கிள்ளி மடிக்க இயலாதவாறு வார் இறுகியிருக்க வேண்டும். முன்பு விபத்திற்பட்ட ஆசனத்தை இரவலாகவும் வாங்குதல் கூடாது.

இவையெல்லாம் கார் உடையார்க்கன்றோ என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. நம் மாவட்டத்தில் மிகப்பல பிள்ளைகள் செல்வது மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலுமே. அவற்றில் இவ்வாசனத்திற்கு இடமில்லை. இலங்கையில் 2011 ஒக்டோபரில் சாரதிக்கும் முன் இருக்கைப் பயணிக்கும் ஆசனப்பட்டி கட்டாயமாயிற்று. பட்டியால் தம்மைக் காத்துக்கொண்ட பெரியோர் மடியிலுள்ள பிள்ளையைக் கையை நம்பி விட்டுவிடுதல் பொருந்துமா என்ற வினா நம் முன்னே நிற்கின்றது. நெடுந்தூரப் பயணத்திற்குக் கார் வாடகைக்கு அமர்த்தும்போதேனும் பின் இருக்கையிற் பட்டி உண்டா என்று முதலில் வினவுதல் எவராலும் இயலும்.

அம்மம்மாவின் வழக்கு எவ்வாறு முடிந்தது என்று அறிய நேயர்கள் விரும்பலாம். அவரைப் பின் இருக்கையில் ஆசனத்தின் பக்கத்தே அமர்த்தினர். பிள்ளையின் முகம் அவரை நோக்கியே இருந்தது. மடியில் இருந்தபோது தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்தது. கந்தளாய் வரும்வரை அவர் பேசவில்லை. பிள்ளை அவர் விரலைப் பற்றியபடி உறங்கிப் போயிற்று. மறுமாதம் புறப்படும்போது, "பட்டியை இழுத்துப் பார்த்தனியோ?" என்று முதலிற் கேட்டவர் அவரே.