வடிகஞ்சிக்கு ஓர் இரங்கல்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சீயக்காய்ப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் கரைக்க எங்கள் அம்மாவுக்கு மனசு வராது. சோறு வடித்த கஞ்சிதான் வேண்டும். நகரத்து வீடுகளிலிருந்து அந்தக் கஞ்சி போயே போய்விட்டது, கிராமங்களிலும் போய்க்கொண்டிருக்கிறது. சீயக்காயாவது பொட்டலத்தில் பிழைத்துக்கொண்டது.

சீயக்காயிலுள்ள சபோனின் நுரைத்து எண்ணெயையும் அழுக்கையும் கழற்றிவிடும். ஆனால் தண்ணீரில் மட்டும் கரைத்துத் தேய்த்தால் முடி சிக்கிக்கொண்டு சீப்பு இறங்காது. கஞ்சியின் மாவுச்சத்து இழைமேல் மெல்லிய படலமாகப் படிந்து, உரசலைக் குறைக்கும். பானையைச் சாய்த்து வடித்த கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், அம்மா பொடியைத் தூவிக் கட்டி தட்டாமல் விரலாலேயே குழைப்பார். நீர்த்துப் போனால் வழிந்து கண்ணில் இறங்கி எரியும். கெட்டியானால் வேர்க்கால் வரை போகாது, அலசினாலும் திப்பி திப்பியாகத் தலையில் தங்கும். அந்தப் பதம் அவர் விரலுக்குத் தெரியும். சில வீடுகளில் ஊறவைத்து அரைத்த வெந்தயமோ செம்பருத்தி இலையோ சேர்ப்பார்கள். அவற்றின் கொழகொழப்புக்கும் அதே வேலைதான். கஞ்சிக்கு மட்டும் தனியாக மெனக்கெட வேண்டாம். உலை வைத்த வீட்டில் அது இருந்தே தீரும்.

பழியை ஷாம்பூவின் மேல் போடுவது வழக்கம். கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிய சாஷே வழியில், அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பூ பெட்டிக்கடை வரை போனது உண்மைதான். ஆனாலும் கஞ்சியின் உயிரை எடுத்தது பிரஷர் குக்கர் என்பேன். பம்பாயில் ஹாக்கின்ஸ் தொடங்கியது 1959-ல். அளந்து ஊற்றிய தண்ணீர் முழுவதையும் அரிசி இழுத்துக்கொள்ளும்போது வடிக்க என்ன இருக்கும்? எரிபொருள் மிச்சம், பெண்களுக்கு நேரம் மிச்சம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். குளியலறையில் ஒரு பொருள் குறைந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இன்றைய கண்டிஷனர் கெட்டிக்காரத்தனமானது. ஈர முடியில் எதிர்மின்னூட்டம் இருக்கும். செட்ரிமோனியம் குளோரைடு போன்ற நேர்மின்னூட்டச் சேர்மங்கள் அதைப் பிடித்துக்கொள்வதால் அலசிய பின்னும் நிற்கின்றன. டைமெத்திகோன் என்ற சிலிகோன் வழவழப்பைத் தருகிறது. கொத்தவரை விதையின் பிசினைக்கூட வேதிமாற்றம் செய்து ஷாம்பூவில் சேர்க்கிறார்கள். கஞ்சி இந்த அளவுக்கு ஒட்டாது, ஒரு நாள் வைத்தாலே புளித்துவிடும். புளித்த அரிசித் தண்ணீரில் கூந்தல் அலசும் தென்சீனத்து ஹுவாங்லுவோ கிராமத்து யாவோ பெண்களின் படங்கள் உலகெங்கும் பரவின. இப்போது நம் கடைகளிலும் ‘ரைஸ் வாட்டர்’ ஷாம்பூ அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் பார்க்கும் இளம்பெண்ணிடம், உன் பாட்டி தலைக்கு இதைத்தான் ஊற்றினாள் என்று வீட்டில் யாராவது சொல்ல வேண்டும்.

கல்யாணச் சமையலில் இன்றும் அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கிறார்கள். கஞ்சி மாட்டுத் தொட்டிக்கோ சாக்கடைக்கோ போகிறது. தலைக்கு வேண்டுமென்று கேட்டு யாரும் பாத்திரத்தோடு வருவதில்லை.