ஜாம் போத்தல் விளக்கும் ஜீவனியும்

எமது கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் அதிபர்களின் காலங்களையும் கட்டடத் திறப்பு விழாக்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் தவறாமல் குறிப்பர். கண்காட்சிகளுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. இரண்டு நாள் மேசையில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும் பொருட்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு.

அம்மம்மா இங்கு படித்தவர். அவர் காலத்துக் கண்காட்சி தையலும் பின்னலும் பன்ன வேலையும் பலகாரமுமாக இருந்ததாம். தான் இழைத்த நீத்துப்பெட்டியை யாரோ விலை கேட்டதை எண்பது வயதிலும் சொல்லிச் சிரிப்பார். அம்மாவின் காலத்தில், 1972 கல்விச் சீர்திருத்தம் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானத்தைக் கொண்டு வந்தது. தையல் மேசைக்குப் பக்கத்தில் மின்சுற்றுகளும் வந்து அமர்ந்தன. அம்மா செய்த மின்மணி ஒத்திகையில் அடித்ததாம்; ஆட்கள் வந்தபோது அடிக்கவில்லை.

எங்கள் கண்காட்சி 1994 இன் முற்பகுதியில் நடந்தது. நான் ஆண்டு எட்டில் இருந்தேன். குடாநாட்டில் 1990 முதல் மின்சாரம் இல்லை. பற்றரி, பெற்றோல், யூரியா எல்லாம் தடைப்பட்டியலில். பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலம். நாங்கள் பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் விளக்கங்களை எழுதி ஒட்டினோம்.

அங்கே இருந்தவை எல்லாம் வீட்டில் உள்ளவைதான். கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். பனம்பழக் களியில் தோய்த்த வெள்ளைச் சீருடை கொடியில் தொங்கியது. கூட்டம் நின்றது ஜாம் போத்தல் விளக்குகளின் முன்னால். போத்தலின் அடியில் மண்ணெண்ணெய் ஊறிய பஞ்சு, சைக்கிள் வால்வுக்குள் நுழைத்த நூல்திரி. அந்த விளக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. அக்காமார் செய்தது வேறு. ஒரே அளவு எண்ணெயை விட்டு, திரியின் தடிப்பை மாற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எரிகிறது என்று அளந்து அட்டவணை போட்டிருந்தார்கள். மெல்லிய திரி நெடுநேரம் நின்றது. ஆனால் அதன் வெளிச்சத்தில் புத்தகம் வாசிக்க முடியவில்லை. அட்டவணையின் கடைசி நிரலின் தலைப்பு ‘படிக்கலாமா?’ என்பதுதான். இன்று ஆய்வுக் கட்டுரைகள் பல வாசிக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வியை அரிதாகவே காண்கிறேன்.

எனக்குக் கிடைத்தது சுகாதார மேசை. ஜீவனிப் பைக்கற் கிடைக்காவிட்டால் வீட்டில் கரைப்பது எப்படி: கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டி, உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி. கிளி மாதிரி ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா, “பிள்ளை, உப்புக் கொஞ்சம் கூடினால் என்ன செய்யும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ரீச்சர் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் சொல்லாமல், “நாளைக்கு நீ எனக்குச் சொல்லு” என்றார். இரவு விளக்கடியில் தேடினேன். உப்புக் கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறும்; சிறு குழந்தைக்கு வலிப்பும் வரலாம். மறுநாள் கத்தியின் முதுகால் கரண்டியை மட்டம் தட்டிக் காட்டித்தான் பேசினேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. நாங்கள் தங்கிய பாடசாலை மண்டபத்தில் பக்கத்துப் பாயில் ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் பிடித்தது. அம்மா கரைக்கச் சொன்னார். கை நடுங்கியது. மட்டம் தட்டினேன். குழந்தை தேறியது.

1996 இல் திரும்பியபோது ஆய்வுகூட அலுமாரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. விளக்கு அட்டவணையும் போய்விட்டது. படச்சுருளுக்கே தட்டுப்பாடான நாளில் யார் படம் எடுத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கனடாவிலோ இலண்டனிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் அல்பத்தில் ஒன்று இருந்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். இரட்டைப் பின்னலோடு கரண்டியும் கத்தியுமாக நிற்பது நான். விளக்குகள் எனக்கு இடப்பக்கத்து மேசையில் இருந்தன.