அடுப்படிச் சுவரின் பூச்சு: வலுவா, இளக்கமா? கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

விறகடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் சிமெண்ட் பூச்சு முதலில் உப்புகிறது. தட்டினால் வெற்றொலி கேட்கிறது. பிறகு ஒருநாள் பலகைபோல் பெயர்ந்து விழுகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டால் "கலவை பத்தல" என்பார். ஒன்றுக்கு ஆறாக இருந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து, மணியாஸ் கட்டையால் அழுத்தித் தேய்த்து, மேலே சிமெண்ட் பாலும் ஊற்றிப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். புதுப் பூச்சு பழையதைவிடச் சீக்கிரம் விழும். சிமெண்ட் குறைவதால் பூச்சு விழவில்லை, மிகுவதால்தான் விழுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். சூடு படும் சுவரில் பூச்சுக்கு வேண்டிய முதல் குணம் வலு அல்ல. சுவரோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும் இளக்கமும், எளிதில் புதுப்பிக்க இடம்தரும் தன்மையும்.

உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலை அடிவாரத்தில் உள்ள ராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை. சமையலறைக்குள் எரிவாயு வந்துவிட்டது. ஆனால் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு இருக்கிறது, விசேஷ வீடுகளில் கோட்டை அடுப்பு மூட்டப்படுகிறது, டீக்கடையிலும் பேக்கரி போர்மாவிலும் விறகு எரிகிறது. தென்னை மட்டைக்கும் கவாத்து செய்த திராட்சைக் குச்சிக்கும் பஞ்சமில்லாத பகுதி இது. இவை சட்டென்று பற்றிக் கொழுந்துவிட்டு எரிந்து அடங்கும் விறகு. சுவருக்கு நிதானமான சூட்டைவிட இந்த ஏற்ற இறக்கமே பெரிய சோதனை.

சிமெண்ட் பூச்சுக்குள் என்ன நடக்கிறது? இறுகிய சிமெண்ட்டுக்கு வலுத்தரும் சிலிகேட் கூழில் கட்டுண்ட நீர் இருக்கிறது. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே அது சிறிது சிறிதாக வெளியேறத் தொடங்கும், கூழ் சுருங்கும். 300 டிகிரிக்கு மேல் வலு வேகமாகச் சரியும். 400 முதல் 500 டிகிரிக்குள், சிமெண்ட் இறுகும்போது உண்டான கால்சியம் ஹைட்ராக்சைடு நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஆக்சைடாக, மாறிவிடும். விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைக்கும்போதோ, உலை பொங்கி வழியும்போதோ அந்தச் சுட்ட சுண்ணாம்பு மறுபடி நீறும். காளவாசல் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அது எப்படிப் பூரித்து உடைகிறது என்று பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. அடுப்பு வாயை ஒட்டிய பூச்சு எரியும்போது நிற்பதும், அணைத்த மறுநாள் உதிர்வதும் இதனால்தான். சிமெண்ட் கூடக் கூட இந்த ஹைட்ராக்சைடும் கூடும் என்பதைக் கொத்தனாரின் மருந்து கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது விரிவு. சுட்ட செங்கல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 6 மைக்ரான் விரியும். சிமெண்ட் சாந்து 10 முதல் 12 மைக்ரான். 2 மீட்டர் அகலச் சுவரின் முகம் 100 டிகிரி சூடேறினால் செங்கல் தன்போக்கில் 1 மில்லிமீட்டர் அளவும், பூச்சு 2 மில்லிமீட்டருக்கு மேலும் நீளப் பார்க்கும். போதாததற்குப் பூச்சு முன்னால் இருந்து அதிகச் சூட்டை வாங்குகிறது, செங்கல் பின்னால் குளிர்ந்திருக்கிறது. இளகிய சாந்து இந்த வேறுபாட்டை மயிரிழை விரிசல்களாகப் பங்கிட்டுத் தாங்கிக்கொள்ளும். விறைத்த சாந்து பங்கிடாது; ஒட்டியிருக்கும் முகத்தையே கிழித்துக்கொண்டு வரும். பெயர்ந்து விழுந்த துண்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும்: துண்டு முழுசாக இருக்கும், ஒட்டுதல்தான் போயிருக்கும்.

ஆனால் அடுப்படிச் சுவர் முழுவதும் தீயில் நிற்பதாக நினைப்பதும் தவறு. விறகின் தழல் 800 டிகிரியைத் தாண்டலாம். தழல் நக்கும் அடுப்பின் உள்முகமும் சில நூறு டிகிரிகள் ஏறும். ஓரடி தள்ளியிருக்கும் சுவரில் பெரும்பாலும் 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். இன்னும் மேலே, புகை மட்டும் படியும் இடத்தில், கை வைக்கும் சூடுதான். ஆற்று மணலின் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருமனில் கூடி நொறுங்கும் என்று பாடநூல்கள் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை அடுப்பு வாய்க்குப் பொருந்தும், பின்சுவருக்குப் பொருந்தாது. எனவே ஒரே கலவையைத் தரையிலிருந்து கூரைவரை இழுப்பதே முதல் பிழை. தழல் தொடும் இடம், வெக்கை படும் இடம், புகை படியும் இடம் என மூன்றாகச் சுவரைப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

தழல் தொடும் இடத்தில் மண்ணை வெல்ல இன்றும் எளிய மாற்று இல்லை. களிமண்ணோ கண்மாய்க் கரம்பையோ தனியாகப் பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணும் மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்ந்தால் அடங்கும். புற்று மண் கிடைத்தால் இன்னும் நல்லது. 450 டிகிரிக்கு மேல் களிமண்ணின் கட்டுண்ட நீர் போய், அது மறுபடி குழையாத பொருளாக மாறத் தொடங்குகிறது. சிமெண்ட்டைச் சிதைக்கும் சூடு மண்ணை ஓடாக்கப் பார்க்கிறது. எரிந்துபோன உமியும் வைக்கோலும் விட்டுச்செல்லும் துளைகள் விரிசல் ஓடாமல் தடுக்கின்றன.

இங்கே ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. மண் அடுப்பு நீடித்தது மண்ணால் மட்டுமல்ல, மெழுகுதலால். சாணியும் மண்ணும் கரைத்து வெள்ளி செவ்வாய்க்கு மெழுகியபோது, விழுந்த விரிசல் ஒவ்வொரு வாரமும் அடைபட்டது. மெழுகியவர்கள் பெண்கள், கூலி கிடையாது. மண் வீட்டின் பெருமை பேசும் இன்றைய எழுத்துகளில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 1953இல் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு முன்வைத்த புகையில்லா அடுப்பும், 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டமும் பல வீடுகளில் நிலைக்காமல் போனதற்குப் பராமரிப்பு ஒரு காரணம். புகைபோக்கி சுவரைச் சந்திக்கும் மூட்டை யார், எப்போது மெழுகுவார் என்பதும் பூச்சைத் தேர்வதில் ஒரு பகுதிதான். வாரம் ஒருமுறை மெழுக ஆளில்லாத வீட்டுக்கு, அடுப்பின் உள்முகம் தவிர வேறெங்கும் மண் பூச்சைப் பரிந்துரைக்க நான் தயாராக இல்லை.

வெக்கை படும் பின்சுவருக்கு என் தேர்வு சுண்ணாம்பும், சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும். கம்பம் பள்ளத்தாக்கில் சுர்க்கி என்றாலே நினைவு அணைக்குத்தான் போகும்: 1895இல் முடிந்த பெரியாறு அணையைப் பென்னிகுவிக் எழுப்பியது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தில். தண்ணீருக்காகப் பேசப்படும் அதே செங்கல் தூள் நெருப்பிடமும் உதவும் என்பது அதிகம் கவனிக்கப்படவில்லை. மிதமாக வெந்த செங்கலின் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து, பின்னால் தொல்லை தரக்கூடிய ஹைட்ராக்சைடைத் தின்றுவிடுகிறது. ஏற்கெனவே தீயில் வெந்த பொருளானதால் சூட்டில் புதிதாகச் சுருங்குவதும் இல்லை. அதிகம் வெந்து கண்ணாடியான செங்கல் இதற்கு ஆகாது; இளஞ்சிவப்புக் கல்தான் வேண்டும். நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கித் தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. அடுப்புக்கு அருகே மணலுக்குப் பதில் உடைத்த செங்கல் குறுணை. சுண்ணாம்புக்குப் பொறுக்க முடியாதவர்கள் சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு என்று போகலாம். சிமெண்ட்-சுண்ணாம்புப் பூச்சு முறைகளை வகுக்கும் இந்தியத் தர நிர்ணயம் 1661இலேயே இத்தகைய கலப்புச் சாந்துக்கு இடமிருக்கிறது.

நகரத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கும் ஜிப்சம் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. "தீயைத் தாங்கும்" என்று சொல்லி விற்கிறார்கள், பொய்யல்ல. எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைக் கட்டிவைத்திருக்கும் ஜிப்சம், வீடு பற்றி எரியும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நீரை ஆவியாக்கிச் சூட்டை விழுங்கும். ஒருமுறை செய்யும் தியாகம் அது. தினமும் 60, 70 டிகிரியில் காயும் சுவரில் அதே நீர் சத்தமில்லாமல் போய்விட, பூச்சு மாவாகும். தீத்தடுப்பையும் அன்றாட வெக்கையையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் செலவு இது. தீக்களிமண் சாந்துக்கும் எதிர்ப்பக்கத்தில் இதே சிக்கல்: உலைச்சூட்டில் வெந்தால்தான் பிடிக்கும், வெறும் வெக்கையில் பொடியாகவே நிற்கும்.

பூசும் முறையில் மூன்றைத்தான் வலியுறுத்துவேன். செங்கல் இடுக்குகளைச் சுரண்டி 10 மில்லிமீட்டர் ஆழமாக்கி, சுவரை நன்றாக நனைத்து, பூச்சை இரண்டு கையாகப் போடவேண்டும். ஒரே கையில் 20 மில்லிமீட்டர் அப்பினால் எந்தக் கலவையும் தாங்காது. கோழிவலை அடிப்பதால் சூட்டுச் சுவரில் நன்மை குறைவு. கம்பி செங்கலைவிட இருமடங்கு விரிந்து உள்ளிருந்தே நெம்பும். மூன்றாவது, பொறுமை. சுண்ணாம்புப் பூச்சை இரண்டு மூன்று வாரம் ஈரம் காயாமல் ஆற்றி, பிறகு ஒரு மாதம் உலரவிட்டு, முதல் சில நாள் சுள்ளித் தீ மட்டும் மூட்டவேண்டும். ஈரமான பூச்சில் முதல் நாளே முழுத் தீ மூட்டினால் உள்ளே அடைபட்ட ஆவி பூச்சைத் தள்ளிவிடும். பால் காய்ச்சும் நல்ல நேரத்துக்கு அவசரப்பட்டு இப்படிக் கெட்ட சுவர்கள் குறைவில்லை.

மலைக்கு மேலே இதே பிரச்சினை வேறு உருவில் நிற்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து அதிகாலை ஜீப்பில் ஏறிப்போகும் தொழிலாளர்கள் பறிக்கும் ஏலக்காய், ஸ்டோர் என்று சொல்லப்படும் உலர்கூடத்தில் 45 முதல் 55 டிகிரியில் ஒரு நாள் அளவுக்குக் காய்கிறது. அந்தச் சூட்டுக்கு எந்தப் பூச்சும் போதும். ஆனால் வெளியே உள்ள அடுப்பிலிருந்து சுவரைத் துளைத்து உள்ளே வரும் தகரக் குழாயின் கதை வேறு: 4 மீட்டர் நீளக் குழாய் 200 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும். துளையைச் சிமெண்ட்டால் இறுக்கி அடைத்தால் குழாய் சுவரைத் தள்ளும், பூச்சு நட்சத்திரமாக வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகப் புகை புகுந்து காயின் பச்சை நிறமும் மணமும் கெடும். துளையைக் குழாயைவிட ஓரங்குலம் பெரிதாக விட்டு, இடைவெளியில் சலித்த சாம்பலும் மண்ணும் குழைத்துத் திணித்து, பருவத்துக்கு ஒருமுறை நோண்டி மாற்றிக்கொண்டால் போதும்.