வேப்பந்தட்டையிலிருந்து கிளம்பிய கையெழுத்து

என் அக்கா மகளின் சாதிச் சான்று வேப்பந்தட்டை இ-சேவை மையத்தில் பிறந்தது. விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ என்று கணினிக்குள்ளேயே மேசை மாறி, மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போய் நின்றது. அவர் விரல் நீள டோக்கனைக் கணினியில் செருகி, பின் எண்ணைத் தட்டினார். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி அந்த டோக்கனை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆவணத்தின் சாரமாகப் பிழிந்தெடுத்த ஓர் எண்தான் உள்ளே போய், கையெழுத்தாகித் திரும்புகிறது.

கையெழுத்தோடு அதிகாரியின் சான்றிதழும் பிடிஎஃப்புக்குள் ஏறிக்கொள்கிறது. அவர் இன்னார் என்பதற்கு உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் சாட்சி. அந்த நிறுவனத்துக்குச் சாட்சி டெல்லியில் உள்ள சிசிஏ, அதாவது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் உண்டாக்கிய கட்டுப்பாட்டாளர். அவருடைய ரூட் சான்றிதழுக்கு மேலே யாரும் இல்லை.

அரியலூர்ப் பக்கத்து எங்கள் மண்ணுக்கு இப்படிச் சாட்சிக்கு மேல் சாட்சி வைப்பது பழகிய ஏற்பாடு. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. அத்தனையும் ஒரே வளையத்தில் கோத்து, அரச முத்திரை வைத்தவை. அரசன் வாய்மொழி எந்தெந்த அதிகாரிகள் கைவழியாக ஊருக்கு வந்தது என்பதும் அதிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

சான்று சென்னைக் கல்லூரி ஒன்றுக்குப் போனது. அங்கே அடோப் ரீடரில் மஞ்சள் கேள்விக்குறி. "மாமா, போலின்னு சொல்றாங்க" என்று அழாத குறையாக ஃபோன் செய்தாள். அந்தக் குறி போலி என்று சொல்லவில்லை. ரூட்டை அந்தக் கணினிக்கு அறிமுகம் இல்லை, அவ்வளவுதான். திருத்தப்பட்ட ஆவணத்துக்கு வருவது வேறு எச்சரிக்கை.

கையெழுத்தைச் சொடுக்கி, கையொப்பமிட்டவரின் சான்றிதழைத் திறந்தால் இடப்பக்கம் சங்கிலி தெரியும். கீழே அதிகாரி, நடுவில் நிறுவனம், உச்சியில் 'சிசிஏ இந்தியா' என்ற பெயரும் ஓர் ஆண்டும். பலரும் கீழே இருக்கும் அதிகாரியின் பெயரையே நம்பச் சொல்லிவிடுகிறார்கள். அவர் டோக்கன் மாற்றினால் கேள்விக்குறி மறுபடி வரும். நம்ப வேண்டியது உச்சியை; அதுவும் அதன் விரல்ரேகை எண்ணை சிசிஏ தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகுதான்.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு 2014 ஜூலை போதும். தேசிய தகவலியல் மையத்தின் இடைச்சான்றிதழ் (சங்கிலியின் நடுக்கண்ணி) ஒன்றிலிருந்து கூகுளின் தளப் பெயர்களுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. ஜூலை 2-ல் கூகுள் கண்டுபிடித்தது; மறுநாளே சிசிஏ அந்த மையத்தின் இடைச்சான்றிதழ்களை ரத்து செய்தது. விண்டோஸ் நம் ரூட்டை நம்பியதால் அந்தப் போலிகளையும் நம்பியிருக்கும். ஃபயர்பாக்ஸ் அந்த ரூட்டைச் சேர்த்திருக்கவில்லை, தப்பித்தது.

மறையாக்கம் செய்து பூட்டிய மின்னஞ்சலும் இதே சங்கிலியில்தான் தொங்குகிறது. அங்கே அடிக்கடி தொலைவது நடுக்கண்ணி: அனுப்புபவரின் மென்பொருள் இடைச்சான்றிதழைச் சேர்த்து அனுப்பியிருக்காது. ஒரு சான்றிதழில் 'வழங்கியவர்' என்றிருக்கும் பெயர் அடுத்ததில் 'உரியவர்' என்று அப்படியே இருக்கிறதா என்று கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனால், அறுந்த இடம் அகப்படும். இல்லையென்றால் காலாவதித் தேதி, ரத்துப் பட்டியல், கணினியின் கடிகாரம். நம் நாட்டில் கையெழுத்துக்கு ஒரு சான்றிதழ், பூட்டுவதற்கு வேறொன்று என்று தனித்தனியே தருகிறார்கள். முதலாவதை வைத்துக்கொண்டு கடிதத்தைப் பூட்டப் பார்த்து நாளெல்லாம் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பையே அணைத்துவிடு என்று சொல்லும் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ரூட்டை நம்பச் சொன்னதும் எங்கள் வீட்டுக் கணினியில் சான்றுக்குப் பச்சை டிக் வந்துவிட்டது. ஆனால் அது எங்கள் கணினிக்கு மட்டும்தான். கல்லூரியிலும் அதே வேலையைச் செய்ய வேண்டும். மறுநாள் காலை அக்கா மகளே கல்லூரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். எதிர்முனையில் இருந்த அலுவலக அம்மா பொறுமையாக சிசிஏ தளத்தைத் திறந்துகொள்ள, இவள் விரல்ரேகை எண்ணை இரண்டிரண்டு எழுத்தாக வாசித்துக்கொண்டே போனாள்.