பரிந்துரை ஜெபம் என்றால் என்ன? பிறருக்காகக் கிறிஸ்தவர்கள் மன்றாடுவது ஏன்?

“எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க.” நோய், வேலை இழப்பு, பிள்ளைகளின் தேர்வு என எது வந்தாலும் கிறிஸ்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் இப்படிக் கேட்பார்கள். பிறரின் தேவைக்காகக் கடவுளிடம் மன்றாடுவதே பரிந்துரை ஜெபம்.

பினாங்கில் இதை எங்கே காணலாம்?

மாக் மண்டின் அமைந்துள்ள அதே செபராங் பிறை நிலப்பகுதியில், புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயம் இருக்கிறது. இங்குள்ள பழைய ஆலயம் 1888-இல் கட்டப்பட்டது. 2019-இல் இத்திருத்தலம் பசிலிக்கா தகுதி பெற்றது. ஜூலை 26 திருவிழாவுக்கு வரும் பலர், வீட்டில் இருக்கும் நோயாளிக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள்.

அன்னம்மாளிடம் கேட்பது ஏன்?

அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. கத்தோலிக்கர்கள் அவரைக் கடவுளாக வழிபடுவதில்லை. “எங்களுக்காக மன்றாடுங்கள்” என்றுதான் கேட்கிறார்கள். இறந்த புனிதர்களும் திருச்சபையின் உறவில் நீடிக்கிறார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை.

எல்லாச் சபைகளும் இதை ஏற்கின்றனவா?

இல்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்கிறது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் (2:5). அதனால் புராட்டஸ்டண்ட் சபையினர் பொதுவாகப் புனிதர்களிடம் வேண்டுவதில்லை. ஆனால் அதே அதிகாரம், எல்லா மனிதருக்காகவும் ஜெபிக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆகவே, உயிரோடிருப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இது சிபாரிசு பிடிப்பது போன்றதா?

அப்படித் தோன்றலாம். ஆனால் சிபாரிசு செய்பவர் தன் செல்வாக்கைக் காட்டுகிறார். மன்றாடுபவரோ வெறுங்கையோடு நிற்கிறார். சோதோம் நகரத்துக்காகப் பேசிய ஆபிரகாம், தன்னைத் ‘தூசியும் சாம்பலும்’ என்றே சொல்லிக்கொண்டார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் நகரத்தைக் காப்பீரா என்று தொடங்கி, பத்து வரை இறங்கி வந்து கேட்டார்.

கேட்டது கிடைக்காவிட்டால்?

சோதோம் அழிந்தது. ஆனால் கடவுள் ஆபிரகாமை நினைத்து, அவருடைய உறவினர் லோத்துவை வெளியேற்றிக் காப்பாற்றினார் என்கிறது ஆதியாகமம் (19:29). கேட்டபடியே எல்லாம் நடக்கும் என்ற உத்தரவாதம் இதில் இல்லை. நோயாளி குணமாகாவிட்டால் யாரோ சரியாக ஜெபிக்கவில்லை என்று பழி சொல்வதற்கும் இடமில்லை. மருந்துக்குப் பதிலாகவும் இதைக் கொள்ளக்கூடாது. அடுத்தவர் பாரத்தில் ஒரு பங்கைத் தானும் சுமப்பதுதான் இந்த ஜெபத்தின் பொருள்.