கட்டற்ற மென்பொருள்: காசு மட்டும்தான் விஷயமா?

உங்க கணினி நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா அதில் விண்டோஸ் 10 இருந்தால், வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேதியைக் குறித்தது நீங்கள் இல்லை, மைக்ரோசாஃப்ட்.

இதே சிக்கல் ஒரு நகரத்துக்கே வந்தால்?

ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு வந்தது. விண்டோஸ் என்டி 4க்கு ஆதரவு நிற்கப்போகிறது என்றதும், நகராட்சியின் சுமார் 14,000 கணினிகளை மாற்றவேண்டிய நிலை. 2003இல் நகர மன்றம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன், மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க நேரில் போனார். ஒரு நகராட்சிக்காக! ஒன்று மாறினால் மற்ற நகரங்களும் யோசிக்கும் இல்லையா?

அப்படி என்ன மென்பொருள் அது?

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இலவசமாகத்தான் தரணும்னு இல்லை, விற்கவும் செய்யலாம். ஆனா பராமரிப்புக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டாம். உரிமக் கட்டணமாக வெளியே போகும் பணத்தில் ஒரு பகுதியை உள்ளூர் நிரலாளர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம்.

சரி, மியூனிக்கில் என்ன ஆச்சு?

2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகள் மாறின. ஒரு கோடி யூரோவுக்கும் மேல் மிச்சம் என்றது நகராட்சி. ஆனா வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை என்று ஊழியர்கள் குறைப்பட்டனர். 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் வாக்களித்தது. எல்லாரும் வேர்ட் கோப்பு அனுப்பும்போது நீங்க மட்டும் மாறுவது லேசான காரியமில்லை.

இருந்தும் 2024இல் அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. செலவைவிட அது அழுத்திச் சொன்ன காரணம், மின்னிலக்க இறையாண்மை. அதாவது, அரசாங்கத்தின் தகவல் அரசாங்கத்தின் கையில் இருக்கணும்.

நிரல் திறந்திருந்தால் அது நடந்துவிடுமா?

நம்ம சிங்கப்பூரையே பாருங்க. டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படை நிரல், ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் 2020இல் வெளியானது. புளூடூத் தகவல் எப்படிச் சேகரிக்கப்படுகிறது என்று வல்லுநர்கள் பார்க்க முடிந்தது. ஆனா அந்தத் தகவலைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறமுடியும் என்பது நிரலில் தெரியவில்லை. 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில்தான் தெரியவந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு போட்டது.