ஓ.டி.பி.சி. – நடுவில் நிற்கும் டிரைவரின் கதை

டிரைவர் என்றதும் பஸ் டிரைவர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் இது வேறு டிரைவர். சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் ஒரு பக்கம், ஊழியர் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் மறுபக்கம். முதலாவது கேட்பதை இரண்டாவதற்குப் புரிகிறபடி சொல்லி, பதிலை வாங்கி வந்து தரும் சின்ன மென்பொருளுக்குத்தான் கணினித் துறையில் இந்தப் பெயர்.

1970ல் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதே ஐ.பி.எம்.மில் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974ல் வெளியிட்ட கேள்வி மொழிதான் பிற்பாடு எஸ்.க்யூ.எல். ஆனது. 1979ல் ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது, 1983ல் ஐ.பி.எம்.மின் டிபி2. 1986ல் எஸ்.க்யூ.எல்.லுக்கு அமெரிக்கத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது.

எல்லோரும் ஒரே மொழி பேசுகிறார்கள், பிறகென்ன சிக்கல் என்கிறீர்களா? மொழி ஒன்று, வாசல் வேறு வேறு! அன்றைக்கு கோபால் அல்லது சி நிரலுக்கு நடுவிலேயே எஸ்.க்யூ.எல். வரிகளை எழுதுவார்கள். அவற்றை மாற்றித் தர ஒவ்வொரு டேட்டாபேஸ் கம்பெனியும் தனக்கென ஒரு ப்ரீகம்பைலர் வைத்திருந்தது. ஆரக்கிளுக்காகத் தயாரித்த நிரல் டிபி2வோடு பேசாது. மறுபடி அதன் ப்ரீகம்பைலரில் போட்டு, இடிக்கும் இடங்களைத் திருத்தி, புதிதாகத் தயாரிக்க வேண்டும். ஆக, டேட்டாபேஸை ஒருமுறை வாங்கியவர் அதே கடையில்தான் நிரந்தர வாடிக்கையாளர். மாறுவதற்கான செலவு அதிகமானால் விற்பவர் விலையை ஏற்றலாம் என்பது வணிகவியலில் பாலபாடம்.

இதற்குப் பொதுவாசல் ஒன்று வைக்க, 1989ல் பல கம்பெனிகள் சேர்ந்து எஸ்.க்யூ.எல். ஆக்சஸ் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் வரைவை வைத்து முந்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். 1992 செப்டம்பரில் ஓ.டி.பி.சி. 1.0 வந்தது. தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம் :-) பெரிய கம்பெனிகளின் கணக்கெல்லாம் அப்போது மற்றவர்களின் டேட்டாபேஸில் இருந்தது. அது எக்செல்லுக்குள் சுலபமாக வந்தால் விண்டோஸுக்குத்தானே லாபம்!

ஏற்பாடு எளிமையானது. மென்பொருள் எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்கும். நடுவில் 'டிரைவர் மேனேஜர்' உட்கார்ந்து, எந்த டேட்டாபேஸோ அதற்குரிய டிரைவரை எழுப்பும். தேதி எழுதும் முறையில்கூட ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்ததால், அடைப்புக்குள் பொதுவடிவில் எழுதினால் டிரைவரே மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். ஆரம்பத்தில் 'ரொம்ப மெதுவு' என்று கெட்டபெயர் வாங்கியது. ஆனாலும் 1995ல் இதே வரைவு வழியில் ஐ.எஸ்.ஓ. தரமும் வந்தது.

1997 பிப்ரவரியில் ஜாவா 1.1 உடன் சன் நிறுவனம் ஜே.டி.பி.சி.யைக் கொண்டுவந்தது. புது ஆளுக்கு டிரைவர்களுக்கு எங்கே போவது? ஓ.டி.பி.சி. மேலேயே ஒரு பாலம் போட்டுவிட்டார்கள். எந்தக் கணினியிலும் ஓடும் என்ற ஜாவாவுக்கு, ஒவ்வொரு கணினியிலும் ஓ.டி.பி.சி. டிரைவர் நிறுவச் சொல்லும் பாலம்! முழுக்க ஜாவாவிலேயே எழுதிய டிரைவர்கள் பெருகியபின் அது தேவைப்படவில்லை. 2014ல் ஜாவா 8 அதை நீக்கியது.

இன்னொரு வேடிக்கை. 1996ல் ஓ.டி.பி.சி.யைத் தாண்டிப் போக ஓ.எல்.ஈ. டிபி என்று மைக்ரோசாஃப்டே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. 2011ல், எஸ்.க்யூ.எல். சர்வருக்கு இனி அது வேண்டாம், ஓ.டி.பி.சி.தான் என்றது. அதை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களை என்ன செய்வது? 2018ல் ஓ.எல்.ஈ. டிபிக்கும் புது டிரைவர் வெளியிட வேண்டியதாயிற்று.

கடைக்காரர்களின் பிடி முழுசாய் விட்டுப்போனதா என்றால், இல்லை. ஆரக்கிளின் பிஎல்/எஸ்.க்யூ.எல்.லில் எழுதி டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்த நிரலை எந்த டிரைவராலும் வேறிடத்துக்குத் தூக்கிப்போக முடியாது. வாசல் பொதுவானது, சாமான்கள் உள்ளேயே இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பின்னாள் டேட்டாபேஸ்கள் சில வேறு வழி பிடித்தன. காக்ரோச்டிபி தனக்கென்று வாசல் வைக்காமல் போஸ்ட்கிரஸ் பேசும் முறையையே எடுத்துக்கொண்டது. போஸ்ட்கிரஸுக்கு எழுதிய டிரைவர் அங்கேயும் போய்க் கதவைத் தட்டலாம்.